கேபினட்டைத் தொட்டால் ஷாக் அடிக்கிறதா? எர்த் எங்கே போனது என்று பாருங்கள்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகளில் ஒன்று அடிக்கடி வரும். "சார், சிபியு கேபினட்டின் பின்பக்கம் கை பட்டால் சுருக்கென்று இழுக்கிறது. இது எல்லாக் கம்ப்யூட்டரிலும் இருப்பதுதானே?" என்பார்கள். நானும் பல ஆண்டுகளாக, "ஆமாம், செருப்புப் போட்டுக்கொண்டு வேலை பாருங்கள்" என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன். அப்படிச் சொன்னது எவ்வளவு பெரிய தவறு என்பது என் வீட்டிலேயே எனக்குத் தெரியவந்தது. அதனை இங்கு விளக்கமாகவே எழுதுகிறேன். உங்கள் கேபினட்டிலும் இந்தச் சுருக் இருந்தால், கட்டுரையை முழுவதும் படித்துவிட்டுப் பிறகு கம்ப்யூட்டரை ஆன் செய்திடுங்கள்.

எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரில் பென் டிரைவ் செருகப் போகும்போது விரலில் லேசாக எறும்பு கடித்தது போல இருக்கும். யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, ஆறாம் வகுப்பு படிக்கும் என் மகள் வெறுங்காலுடன் தரையில் உட்கார்ந்து, கேபினட்டின் பின்னால் ஹெட்போன் ஒயரைச் செருகப் போனவள், "அம்மா" என்று அலறிக் கையை உதறினாள். இது எறும்புக் கடி அல்ல. முழங்கை வரை இழுத்திருக்கிறது.

மறுநாள் கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு போனேன். பழுது பார்த்தவர், "எஸ்.எம்.பி.எஸ். லீக் ஆகிறது" என்று சொல்லிப் புதிதாக ஒன்று மாட்டிக் கொடுத்தார். பணம் கொடுத்து வீட்டுக்கு வந்து தொட்டுப் பார்த்தால், பழைய எறும்பு அப்படியே இருந்தது. அடுத்த ஞாயிறு மாலை மீண்டும் பலமான இழுப்பு. திங்கள் முதல் சனி வரை எறும்பு, ஞாயிறு மட்டும் தேள்! இதில் ஏதோ கணக்கு இருக்கிறது என்று அப்போதே யோசித்திருக்க வேண்டும். நான் யோசிக்கவில்லை.

எறும்பு எங்கிருந்து வருகிறது?

முதலில் அந்த எறும்பைப் பற்றித் தெரிந்துகொள்வோம். கேபினட்டுக்குள் இருக்கும் எஸ்.எம்.பி.எஸ். என்னும் பவர் சப்ளையில், மின்சாரம் நுழையும் இடத்திலேயே ஒரு ஃபில்டர் இருக்கும். இதில் பேஸ் ஒயரிலிருந்து உலோக உடம்புக்கு ஒரு சிறிய கெப்பாசிட்டரும், நியூட்ரலிலிருந்து உடம்புக்கு இன்னொரு கெப்பாசிட்டரும் இணைத்திருப்பார்கள். எஸ்.எம்.பி.எஸ். உண்டாக்கும் மின் இரைச்சலை எர்த் வழியாக வெளியேற்றவே இந்த ஏற்பாடு. எர்த் சரியாக இருந்தால், இதன் வழியே கசியும் மிகச் சிறிய மின்சாரம் மண்ணுக்குப் போய்விடும். நமக்கு ஒன்றும் தெரியாது.

எர்த் இல்லாவிட்டால்? இரண்டு கெப்பாசிட்டர்களும் 230 வோல்ட்டைச் சரிபாதியாகப் பங்கு போட்டுக்கொள்ளும். கேபினட்டின் உடம்பு ஏறக்குறைய 115 வோல்ட்டில் நிற்கும். டெஸ்டரை வைத்தால் விளக்கு எரியும். ஆனால் அதிலிருந்து வரக்கூடிய கரண்ட் சாதாரணமாக அரை மில்லி ஆம்பியருக்கும் குறைவுதான். அதனால்தான் எறும்புக் கடியோடு நின்றுவிடுகிறது. எஸ்.எம்.பி.எஸ். நல்ல நிலையில் இருந்தாலும் இது நடக்கும். புதியது மாட்டினாலும் நடக்கும். ஆகவே எறும்புக் கடி என்பது கம்ப்யூட்டரின் நோய் அல்ல. "இந்த வீட்டில் எர்த் வேலை செய்யவில்லை" என்று கம்ப்யூட்டர் நமக்குச் சொல்லும் தகவல். அதைத்தான் நான் செருப்புப் போட்டு மறைக்கச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

(உலோக உடம்பு கொண்ட சில லேப்டாப்களில், இரண்டு பின் அடாப்டரில் சார்ஜ் செய்யும்போது கையில் ஒரு நமநமப்பு தெரியும். அதுவும் இதே வகைக் கெப்பாசிட்டர் கசிவுதான். மூன்று பின் கார்டு அந்த அடாப்டருக்குக் கிடைத்தால், அதனை நல்ல எர்த் உள்ள சாக்கெட்டில் பயன்படுத்தினால் பெரும்பாலும் நின்றுவிடும்.)

இதெல்லாம் தெரிந்த பிறகு மல்டிமீட்டரை எடுத்தேன். ஏ.சி. வோல்ட்டில் வைத்து, கம்ப்யூட்டர் சாக்கெட்டில் அளந்தேன். பேஸுக்கும் நியூட்ரலுக்கும் 230. பேஸுக்கும் எர்த்துக்கும் 118. நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் 112. பிறகு மெயினை ஆஃப் செய்துவிட்டு, ஒரு நீள ஒயரின் உதவியுடன் ஹால் சாக்கெட்டின் எர்த் துளைக்கும் சமையலறைச் சாக்கெட்டின் எர்த் துளைக்கும் தொடர்பு இருக்கிறதா என்று பஸ்ஸரில் பார்த்தேன். "பீப்" என்று தெளிவாகச் சத்தம் வந்தது. எர்த் ஒயர் எங்கும் அறுபடவில்லை, லைன் நன்றாகத்தான் இருக்கிறது என்று முடிவு செய்தேன். அந்த "பீப்" என்னை நன்றாக ஏமாற்றிவிட்டது. ஏமாந்ததைப் புரியவைத்தது ஒரு பழைய பிக்கப் வண்டி.

பிக்கப் வண்டி கற்றுக் கொடுத்த பாடம்

என் மனைவியின் அண்ணன் ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குக் காய்கறி ஏற்றும் பிக்கப் ஒன்று வைத்திருக்கிறார். வயதான வண்டி. அதில் பிரேக்கை மிதித்தால் பிரேக் லைட் மங்கலாக எரியும். கூடவே பின்பக்கத்து இரண்டு இண்டிகேட்டரும் லேசாக எரியும். பல்பை மாற்றினார், ஸ்விட்ச்சை மாற்றினார், ஃபியூஸ் எல்லாம் புதிதாகப் போட்டார். ஒன்றும் ஆகவில்லை. "மாப்ள, உங்க மீட்டரைக் கொஞ்சம் எடுத்துட்டு வாங்களேன், எலக்ட்ரீஷியன்கிட்ட மீட்டர் ரிப்பேராம்" என்று கூப்பிட்டார். போனேன்.

வண்டியில் வீட்டைப் போல இரண்டு ஒயர் கிடையாது. பேட்டரியின் ப்ளஸ்ஸிலிருந்து பல்புக்கு ஒரு ஒயர் போகும். திரும்பி வரும் பாதை வண்டியின் இரும்பு உடம்பேதான். பேட்டரியின் மைனஸைச் சேஸிஸில் போல்ட் போட்டு இறுக்கியிருப்பார்கள். இதைத்தான் வண்டிக்காரர்கள் எர்த் என்கிறார்கள். மண்ணுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை.

நான் என் வழக்கப்படி பஸ்ஸரை வைத்து, பேட்டரி மைனஸுக்கும் பின் விளக்கின் இரும்புக் கூட்டுக்கும் பார்த்தேன். பீப்! "எர்த் சரியாகத்தான் இருக்கிறது" என்றேன். ஆட்டோ எலக்ட்ரீஷியன் சிரித்தார். "சார், சும்மா நிக்கிற ரோட்டைப் பார்த்தா எல்லா ரோடும் நல்ல ரோடுதான். லோடு வண்டியை விட்டுப் பாருங்க, எங்க பள்ளம்னு தெரியும்" என்று சொல்லி மீட்டரை வாங்கினார். 20 வோல்ட் டி.சி.யில் வைத்தார். ஒரு முனை பேட்டரி மைனஸில், மறு முனை விளக்கின் கூட்டில். மச்சானைப் பிரேக்கை மிதிக்கச் சொன்னார். மீட்டர் 4.6 வோல்ட் காட்டியது. இரண்டு முனையும் ஒரே எர்த்தில் இருப்பதாக அர்த்தம் என்றால் அங்கே ஏறக்குறைய பூஜ்யம் வர வேண்டும். பத்தில் இரண்டு வோல்ட் வரை விட்டுவிடலாம். பேட்டரியில் உள்ள பன்னிரண்டில் நாலரைக்கு மேல் வழியிலேயே தொலைந்து போகிறது!

பிறகு விளக்கிலிருந்த முனையை மட்டும் நகர்த்திக்கொண்டே வந்தார். லோடு தொட்டியின் இரும்பில் வைத்தால் 4.5. தொட்டிக்கு நேர் கீழே சேஸிஸில் வைத்தால் 0.1. தொட்டிக்கும் சேஸிஸுக்கும் நடுவில்தான் பள்ளம். தொட்டி ரப்பர் கட்டையின் மேல் உட்கார்ந்திருக்கிறது. அதனைப் பிடித்திருக்கும் போல்ட்டில் துரு, அதன் மேல் டிங்கரிங் செய்தபோது அடித்த பெயின்ட். உப்புத்தாளால் இரும்பு பளிச்சென்று தெரியும்வரை தேய்த்து, தொட்டியிலிருந்து சேஸிஸுக்கு ஒரு தடித்த ஒயரை லக் வைத்து முறுக்கி, மேலே கிரீஸ் தடவினார். பிரேக்கை மிதித்தால் 0.1 வோல்ட். விளக்கு கண்ணைக் கூசியது. இண்டிகேட்டர் இருட்டாக இருந்தது.

கணக்கைப் பாருங்கள். அந்தத் துருவின் தடை சுமார் இரண்டு ஓம்தான். மல்டிமீட்டர் பஸ்ஸர் மிகச் சிறிய கரண்ட்டை அனுப்பித்தான் சோதிக்கிறது. பல மீட்டர்களில் சில பத்து ஓம் வரை இருந்தாலும் பீப் அடிக்கும். ஆனால் இரண்டு பிரேக் லைட்டும் சேர்ந்து இரண்டு ஆம்பியருக்கு மேல் இழுக்கும்போது அந்த இரண்டு ஓம் நாலரை வோல்ட்டை விழுங்கிவிடுகிறது. ஸ்டார்ட்டர் மோட்டார் என்றால் இன்னும் மோசம். 200 ஆம்பியர் இழுக்கும் மோட்டாருக்கு, 0.02 ஓம் தடையே 4 வோல்ட்டைத் தின்றுவிடும். என்ஜின் எர்த் ஒயர் கெட்டுப்போன வண்டிகளில், அந்தக் கரண்ட் ஆக்சிலேட்டர் கேபிள் வழியாகத் திரும்பி, கேபிளைச் சூடாக்கிவிடுவதும் உண்டு.

இண்டிகேட்டர் ஏன் எரிந்தது என்று கேட்டேன். "நேர் ரோடு அடைச்சுப் போச்சுன்னா கரண்ட் நிக்காது சார். பக்கத்து பல்பு வழியா ஏறி, அந்த ஒயரைப் பிடிச்சு, முன்னாடி இண்டிகேட்டருக்குப் போய், அங்க இருக்கிற எர்த்துல இறங்கும். தப்பு இண்டிகேட்டர்மேல இல்ல. அது பாவம், வழியில நிக்குது" என்றார்.

வழியில் நிற்கிறது. என் மகள் நின்றது போல. ஞாயிற்றுக்கிழமை மாலை எங்கள் வீட்டில் மாவு ஆட்டும் நேரம்.

கிரைண்டரும் கம்ப்யூட்டரும்

வீட்டுக்கு வந்ததும் நேராகச் சமையலறைக்குப் போய்க் கிரைண்டரை ஓட விட்டேன். ஹாலில் கம்ப்யூட்டர் சாக்கெட்டில் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் அளந்தேன். காலையில் 112 காட்டிய இடத்தில் இப்போது 190-ஐத் தாண்டியது. கிரைண்டரை நிறுத்தினால் மீண்டும் 112.

விஷயம் இதுதான். கிரைண்டர் மோட்டாருக்குள் ஈரம் இறங்கி, காயிலிலிருந்து உடம்புக்கு மின்சாரம் கசிந்திருக்கிறது. அது எர்த் பின் வழியாக மண்ணுக்குப் போக வேண்டும். ஆனால் வீட்டு எர்த் லைன் மண்ணைத் தொடவே இல்லை. எல்லா அறைச் சாக்கெட்டுகளின் எர்த்தும் ஒன்றோடு ஒன்று நன்றாக இணைந்திருந்தது. அதனால்தான் "பீப்" வந்தது. அப்படி இணைந்திருந்ததாலேயே கிரைண்டரின் கசிவு ஹாலுக்கு வந்து, கேபினட்டில் ஏறி நின்றது. ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், கேபினட் எல்லாம் ஒரே கம்பியில். வெறுங்காலுடன் முதலில் தொட்டவர் எர்த் ஆகிவிடுகிறார். கரண்ட் பத்து மில்லி ஆம்பியர் அளவுக்குப் போனால் கைத் தசை இறுகிப் பிடித்ததை விட முடியாமல் போகலாம். அதற்கும் மேலே போனால் இதயத்துக்கே ஆபத்து. இதை நினைத்து அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

கிரைண்டர் பிளக்கைப் பிடுங்கி வைத்துவிட்டு, மறுநாள் உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியன் ஒருவரை அழைத்தேன். பிக்கப்பில் செய்த லோடு சோதனையைத்தான் அவரும் வீட்டில் செய்தார். 60 வாட் குண்டு பல்பை ஹோல்டரில் மாட்டி, ஒரு ஒயரைப் பேஸிலும் மறு ஒயரை எர்த்திலும் கொடுத்தார். பல்பு துளியும் எரியவில்லை. இந்தச் சோதனையை வாசகர்கள் நீங்களாகச் செய்திட வேண்டாம். எர்த் அறுந்திருந்தால், பல்பு வழியாக 230 வோல்ட்டும் வீட்டிலுள்ள எல்லாப் பொருட்களின் உடம்புக்கும் போய்விடும். அவர் முதலில் வீட்டிலுள்ள எல்லாப் பிளக்குகளையும் கழற்றி, எங்களைத் தள்ளி நிற்கச் சொன்ன பிறகே செய்தார். எல்.இ.டி. பல்பும் இதற்கு உதவாது. அது இழுக்கும் கரண்ட் மிகக் குறைவு என்பதால் மோசமான எர்த்திலும் எரிந்து ஏமாற்றும்.

பிறகு மெயின் போர்டிலிருந்து எர்த் கம்பியைத் தொடர்ந்து போனார். வெளிச் சுவரில் இறங்கும் ஜி.ஐ. கம்பி, எர்த் குழியில் உள்ள பைப்பில் கிளாம்ப் போடும் இடத்தில் துருப்பிடித்து அறுந்திருந்தது. சுவரைப் பூசி வெள்ளையடித்தவர்கள் அதன்மேல் சிமென்டைப் பூசிவிட்டதால் வெளியே தெரியவில்லை. புதிய கம்பி, புதிய கிளாம்ப், பளிச்சென்று தேய்த்த பைப். மீண்டும் பல்பைக் கொடுத்தார். முழு வெளிச்சத்தில் எரிந்தது. எரியும்போதே நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் அளந்தால் 2 வோல்ட்டுக்குச் சற்று மேல். மொத்தச் செலவு, நான் தேவையில்லாமல் மாற்றிய எஸ்.எம்.பி.எஸ். விலையில் பாதிகூட இல்லை.

கையோடு 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்றையும் மெயினில் போடச் சொன்னேன். போகும் கரண்ட்டும் திரும்பும் கரண்ட்டும் சமமாக இல்லாவிட்டால் இது உடனே ட்ரிப் ஆகிவிடும். எங்கோ கசிகிறது என்று அர்த்தம். கிரைண்டரைப் போட்டோம். டப்பென்று வீடே இருட்டானது. "எர்த் போட்டு என் கிரைண்டரைக் கெடுத்துட்டீங்க" என்று என் மனைவி இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறார்.

உங்கள் வீட்டில் என்ன செய்யலாம்?

மல்டிமீட்டரைப் பாதுகாப்பாகக் கையாளத் தெரிந்தவர்கள், கம்ப்யூட்டர் சாக்கெட்டில் மூன்று இடங்களில் அளந்து பார்க்கலாம். சாக்கெட்டுக்கு எதிரே நின்று பார்த்தால் மேலே உள்ள பெரிய துளை எர்த், வலது பக்கம் பேஸ், இடது பக்கம் நியூட்ரல். பேஸ்-நியூட்ரலும் பேஸ்-எர்த்தும் ஏறக்குறைய ஒரே அளவாக இருக்க வேண்டும். நியூட்ரல்-எர்த் இரண்டு மூன்று வோல்ட்டுக்குள் இருந்தால் திருப்தி. என் வீட்டில் வந்தது போல 230 வோல்ட் இரண்டாகப் பிரிந்து நின்றால் எர்த் மிதக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். இந்தச் சோதனையில் எண் சரியாக வந்தாலும், லோடு கொடுத்துப் பார்க்காமல் எர்த் நல்லது என்று முடிவுகட்ட முடியாது. அதற்கு எலக்ட்ரீஷியனிடம் சொல்லுங்கள். எர்த் டெஸ்டர் என்ற கருவி வைத்திருப்பவர் என்றால் இன்னும் நல்லது. மீட்டர் பழக்கம் இல்லாதவர்கள் எதையும் திறக்க வேண்டாம். எந்த நேரத்தில் ஷாக் வருகிறது, அப்போது வீட்டில் வேறு என்ன ஓடிக்கொண்டிருக்கிறது என்று ஒரு தாளில் குறித்து எலக்ட்ரீஷியனிடம் கொடுத்தாலே பாதி வேலை முடிந்தது. நான் அதைச் செய்திருந்தால் ஒரு எஸ்.எம்.பி.எஸ். மிச்சமாகியிருக்கும்.

சிலர் மூன்று பின் பிளக் நுழையவில்லை என்று எர்த் பின்னை உடைத்துவிடுகிறார்கள், அல்லது இரண்டு பின் கன்வெர்ட்டரில் மாட்டுகிறார்கள். இரண்டும் எர்த்தை நாமே அறுப்பதுதான். இதைவிட மோசமான ஒரு பழக்கமும் இருக்கிறது. எர்த் இல்லாத சாக்கெட்டில், உள்ளுக்குள் நியூட்ரலையும் எர்த்தையும் ஒரு துண்டு ஒயரால் இணைத்துவிடுவார்கள். எறும்புக் கடி உடனே நின்றுவிடும், மீட்டரிலும் பூஜ்யம் காட்டும், வாடிக்கையாளரும் மகிழ்ச்சியாகப் பணம் கொடுப்பார். என்றாவது ஒரு நாள் அந்த நியூட்ரல் எங்காவது விட்டுப்போனால், கேபினட்டில் முழு 230 வோல்ட் வந்து நிற்கும். யாராவது இப்படிச் செய்து தருகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

ஸ்பைக் பஸ்டர் வாங்கி மாட்டிவிட்டதால் பாதுகாப்பு என்று நினைப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. அதற்குள் இருக்கும் பாகம், திடீரென்று எகிறும் மின்னழுத்தத்தில் ஒரு பகுதியை எர்த்துக்குத் தள்ளிவிடும் வகையில்தான் நல்ல மாடல்களில் அமைந்திருக்கிறது. எர்த்தே இல்லாத சாக்கெட்டில் அது எங்கே தள்ளும்? யு.பி.எஸ்.ஸும் அப்படித்தான், சுவர் சாக்கெட்டில் வரும் எர்த்தைத்தான் பின்பக்கச் சாக்கெட்டுக்குக் கொடுக்கிறது. தானாக எர்த்தை உண்டாக்காது. கம்ப்யூட்டர், மானிட்டர், ப்ரின்டர், மோடம் எல்லாவற்றையும் ஒரே ஸ்பைக் பஸ்டரிலிருந்து எடுத்தால் அனைத்துக்கும் ஒரே எர்த் கிடைக்கும். ப்ரின்டரை மட்டும் எர்த் இல்லாத இன்னொரு சாக்கெட்டில் மாட்டிவிட்டு கேபிளைச் செருகும்போது, இரண்டு உடம்புகளுக்கும் இடையே உள்ள வோல்ட் வித்தியாசம் அந்தக் கேபிள் வழியாகப் பாயும். போர்ட் போய்விட்டது என்று வரும் சிலருக்குக் காரணம் இதுதான். கேபிளைச் செருகும்போது இரண்டையும் ஆஃப் செய்துவிட்டுச் செருகும் பழக்கம் நல்லது.

எர்த் குழி உங்கள் வீட்டில் எங்கே இருக்கிறது என்று தெரியுமா? எனக்குத் தெரியாது, அதன்மேல் ஒரு பூந்தொட்டி இருந்தது. கோடையில் மண் காய்ந்தால் தடை ஏறிவிடும். சித்திரை, வைகாசியில் வாரத்துக்கு ஒருமுறை இரண்டு குடம் தண்ணீர் ஊற்றச் சொல்லியிருக்கிறார் எலக்ட்ரீஷியன். அந்த வேலையை இப்போது என் மகள் எடுத்துக்கொண்டிருக்கிறாள். கிரைண்டரைப் பொறுத்தவரை, மோட்டாரைப் பிரித்துக் காயவைத்து, கிழிந்திருந்த ரப்பர் சீலை மாற்றித் தந்தார்கள். ஆர்.சி.சி.பி. அதற்குப் பிறகு ஒரு ஞாயிறும் ட்ரிப் ஆகவில்லை.